மண் இல்லாத களிமண்

நம் சங்கத்துச் சுற்றறிக்கை போன வாரம் தபாலில் வந்தது. எங்கள் வீட்டில் அதை உரக்கப் படிப்பது என் பேத்தியின் வேலை. ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளியில் வங்காளமும் ஆங்கிலமும்தான். தமிழ் என்பது ஞாயிற்றுக்கிழமை சங்க வகுப்பில் கற்றது. ஆகவே சுற்றறிக்கை அவளுக்கு ஒரு துணைப்பாடப் புத்தகம் மாதிரி. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். "தாத்தா, களிமண்ணுன்னா மாட்டிதானே? அப்ப பாலிமர் களிமண்ணுங்கிறது எந்த ஊர் மாட்டி?"

"எந்த ஊர் மாட்டியும் இல்லேம்மா, அதிலே மண்ணே கிடையாது" என்றேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் படித்த வரி இது: ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு பொம்மை, ஐப்பசியில் அகல் விளக்கு ஆகிய மூன்று சிறுவர் போட்டிகளுக்கும் பாலிமர் களிமண் மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும்.

'மட்டுமே' என்ற அந்த ஒரு சொல்லோடுதான் எனக்குத் தகராறு. செயற்குழு அன்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் ஏன் அப்படி முடிவு செய்தார்கள் என்பது எனக்குத் தெரியும். போன வருஷம் போட்டியன்று பிடித்த மழையில் பிள்ளைகள் கொண்டுவந்த மண் பொம்மைகள் பாதி கரைந்து, ஹால் தரையெல்லாம் சேறாகி, மறுநாள் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டிருந்த இடத்தை இரவு பதினோரு மணி வரை கழுவினார்கள். துடைப்பம் பிடித்தவர்களில் நானும் ஒருவன். கையில் ஒட்டாத, தரையில் கறை படியாத, வண்ண வண்ணமாகக் கிடைக்கிற ஒரு சரக்கு இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். பாலிமர் களிமண் நல்ல பொருள்தான். ஆனால் தண்ணீரில் கரைய வேண்டிய பிள்ளையாருக்கும், அலமாரியில் ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டிய பொம்மைக்கும், நெருப்பைத் தாங்க வேண்டிய அகலுக்கும் ஒரே சரக்கு என்பது எப்படிச் சரியாகும்?

நான் டிப்ளமோக்காரன், எலெக்ட்ரிகல். முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில், அதில் பெரும்பகுதி மின்சார எஞ்சின் ஷெட்டுகளில் கழிந்தது. எங்கள் தொழிலில் மோட்டாருக்குச் சுற்றும் இன்சுலேஷனைக்கூட வகுப்புப் பார்த்துத்தான் எடுப்போம். பி வகுப்பு என்றால் 130 டிகிரி, எஃப் என்றால் 155, எச் என்றால் 180. எச் போட வேண்டிய இடத்தில் பி போட்டுவிட்டு, 'பார்க்க ஒரே மாதிரிதானே சார் இருக்கிறது' என்று சொன்ன ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன். அந்த மோட்டார் ஒரு கோடையைத் தாண்டவில்லை. களிமண்ணுக்கும் அந்தக் கணக்குத்தான்.

முதலில் இந்தப் பாலிமர் களிமண் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு ஒயர்களின் மேலுறையும் தண்ணீர்க் குழாயும் எதனால் ஆனவையோ அந்த பி.வி.சி.தான் இதற்கும் மூலப்பொருள். அதை மாவாக்கி, இளக்கிக் கொடுக்கும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவத்தைச் சேர்த்து, நிறமும் நிரப்புப் பொருளும் கலந்து பிசைந்தால் பாலிமர் களிமண். தண்ணீர் இல்லாததால் காற்றில் உலராது. சூடு பட்டால் பி.வி.சி. துகள்கள் அந்தத் திரவத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். அதனால்தான் அடுப்பில் வைக்கச் சொல்கிறார்கள்.

இதன் பூர்வீகமும் வேடிக்கையானது. ஜெர்மனியில் பொம்மைகளுக்குப் பேர்போன கேத்தே குரூஸே என்ற அம்மையாரிடம் பொம்மைத் தலை செய்ய இப்படி ஒரு சரக்கு வந்தது. அவருடைய பட்டறைக்கு அது ஒத்துவரவில்லை. மகள் கையில் விளையாட்டுப் பொருளாகி, 1964-இல் எபர்ஹார்டு ஃபாபர் நிறுவனத்திடம் போய், ஃபிமோ என்ற பெயரில் உலகெங்கும் விற்பனையாயிற்று. அமெரிக்காவின் ஸ்கல்பி கதை எனக்கு இன்னும் நெருக்கம். டிரான்ஸ்ஃபார்மரின் உட்கருவிலிருந்து சூட்டை வெளியே கடத்தத்தான் அதை முதலில் தயாரித்தார்களாம். அதைத் தயாரிப்பவர்களே சொல்லும் செய்தி இது. டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆகவில்லை, பொம்மைக்கு ஆயிற்று. எஞ்சின் டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெய்ப் பம்போடு பாதி ஆயுளைக் கழித்தவன் என்பதால், இதைப் படித்தபோது பழைய சகா ஒருவனைச் சந்தித்த மாதிரி இருந்தது.

இனி, இந்த மே மாதம் நடந்த கோடை முகாமுக்கு வருகிறேன். வந்திருந்த பெற்றோர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினாறு பிள்ளைகள் இரண்டு நாள் உட்கார்ந்து பொம்மை செய்தார்கள். மூன்றாம் நாள் சங்கச் சமையலறையில் இருந்த சின்ன ஓவனில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கி, முள்ளை 130-இல் திருப்பிவிட்டு, எல்லோரும் ஹாலில் பாட்டுக்குப் போய்விட்டார்கள். நான் தினசரி படித்துக்கொண்டு வராந்தாவில் இருந்தேன். பத்து நிமிஷத்தில் மூக்கில் ஒரு வாசனை ஏறியது. ஷெட்டில் கேபிள் கருகும்போது வரும் அதே நெடி. இந்த மூக்குக்கு அது மறக்காது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்து ஜன்னல்களைத் திறந்தேன். இரண்டு பிள்ளைகள் இருமினார்கள், கண் எரிந்தது, அவ்வளவோடு போயிற்று. பி.வி.சி. நூற்றெழுபது, நூற்றெண்பது என்று சூடேறிக் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற காரமான வாயு வெளிவரும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். பிள்ளைகள் அடுத்த அறையில் இருந்தது நம் அதிர்ஷ்டம்.

யாரையும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. முள் 130-இல்தான் இருந்தது. சிறிய ஓவன்களின் முள்ளை நம்ப முடியாது என்பதுதான் விஷயம். மறுநாள் என் வீட்டிலிருந்து ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டுபோய் உள்ளே வைத்துப் பார்த்தேன். நடுத்தட்டில் 160, மேல் கம்பிக்கு அருகில் 190-க்கும் மேல். கருகியவை எல்லாம் மேல்தட்டுப் பொம்மைகள். அதில் ஒரு சிறுமி, போன தையில் காலமான தன் பாட்டியை, மடியில் முறத்தோடு உட்கார்ந்த கோலத்தில் செய்திருந்தாள். முறம் தப்பியது. முகம் கறுத்துக் கொப்பளித்துவிட்டது. அவள் அழவில்லை. ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். என்னால் அதைச் சுலபமாக மறக்க முடியவில்லை.

ஆகவே ஓவன் விஷயத்தில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தெர்மாமீட்டர் இல்லாமல் சுட வேண்டாம். இரண்டு, மூன்று கட்டியின் விலையில் அது வந்துவிடும். உறையில் போட்டிருக்கும் டிகிரிதான் அந்தச் சரக்குக்கு வேதம். ஒன்றுக்குப் போட்டது மற்றொன்றுக்கு ஆகாது. ஃபிமோவுக்கு 110 டிகிரியில் அரை மணி. ஸ்கல்பி பிரீமோவுக்கு 130, ஆறு மில்லிமீட்டர் கனத்துக்கு அரை மணி. கேட்டோ என்ற ரகம் 150 வரை கேட்கும். மூன்றையும் ஒரே தட்டில் வைத்தால் ஒன்று கருகும் அல்லது ஒன்று வேகாது. ஓவனை முன்னதாகவே சூடாக்கி, முள் நிலைத்த பிறகு, ஒரு தரை ஓட்டின் மேல் பொம்மையை வைத்து, மேலே அலுமினியத் தாளால் கூடாரம் போல மூடிவிடுங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது. ஓவனிலிருந்து எடுத்தவுடன் பொம்மை மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று பயந்து மறுபடி சூட்டைக் கூட்டிக் கருக்குகிறவர்கள் உண்டு. ஆறினால்தான் இறுகும். ஜன்னல் திறந்திருக்கட்டும், சுட்டு முடியும் வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பெரிய பொம்மை முழுவதையும் இந்தச் சரக்கால் நிரப்புவது வீண். செலவும் அதிகம், உள்ளே வேகாமல் வெளியே வெடிக்கும். அலுமினியத் தாளைக் கசக்கி இறுக்கி உடம்பாக்கி, அதன்மேல் மெல்லியதாகப் போர்த்தினால் போதும். வெள்ளை நிற வேலையை முதலில் முடித்துவிடுங்கள். சிவப்பைத் தொட்ட கையால் வெள்ளையைத் தொட்டால் பிள்ளையாருக்கு மஞ்சள்காமாலை அல்ல, வேறென்னவோ வந்தது போலாகிவிடும். சுடாத கட்டியைப் பிளாஸ்டிக் தட்டிலோ வார்னிஷ் அடித்த மேஜையிலோ இரவெல்லாம் விடாதீர்கள். அந்தத் திரவம் சில பிளாஸ்டிக்குகளையும் வார்னிஷையும் இளக்கி ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டு மேஜையில் அதற்குச் சாட்சி இருக்கிறது, என் மனைவி தினமும் காட்டுகிறாள். சுட்டதன் மேல் அக்ரிலிக் வண்ணம் பூசலாம். நகப் பாலிஷ் பூசினால் நாளடைவில் பிசுபிசுக்கும்.

எந்த ரகம் எதற்கு? ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் பிசைவதற்கு ஃபிமோ சாஃப்ட், ஸ்கல்பி மூன்று போன்ற மெதுவான ரகங்கள் போதும். ஆனால் ஸ்கல்பி மூன்றில் மெல்லிய விரல், காது, வேல் இவை செய்தால் கீழே விழுந்ததும் முறியும். தோடு, பொத்தான், மாலைமணி என்று அன்றாடம் கை படும் சாமான்களுக்கு வளைந்து கொடுக்கிற பிரீமோ, ஃபிமோ புரொபெஷனல், செர்னிட் இவை தகும். பொம்மை முகத்துக்குச் செர்னிட்டின் பீங்கான் போன்ற மினுமினுப்பு அழகு. கேட்டோ மிக உறுதி, ஆனால் பிசைவதற்கு ஷெட் கலாசியின் கை வேண்டும். கல்கத்தா மே மாத வெயிலில் மூடிய காரிலோ மொட்டைமாடி அறையிலோ கட்டியை வைத்தால் உறைக்குள்ளேயே பாதி வெந்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் இல்லாத, டிகிரி போடாத சரக்கை வாங்கவே வேண்டாம். சில வகைப் பிளாஸ்டிசைசர்களைக் குழந்தைச் சாமான்களில் கட்டுப்படுத்தி அமெரிக்கா 2008-இல் சட்டம் போட்ட பிறகு பெரிய கம்பெனிகள் கலவையை மாற்றிவிட்டன. பெயர் இல்லாததில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? எந்த ரகமானாலும் அதில் செய்த கிண்ணத்தில் பிரசாதம் வைக்காதீர்கள். பிசைந்த கையைக் கழுவிய பிறகு சுண்டலைத் தொடுங்கள்.

இத்தனையும் பாலிமர் களிமண்ணுக்குரிய இடத்தில்தான். பிள்ளையாருக்கு அது இடமில்லை. நாம் பிள்ளையாரைப் பூஜித்துத் தண்ணீரில் கரைக்கிறோம். பி.வி.சி. பிள்ளையார் கரைய மாட்டார். ஹூக்ளியின் அடியில் நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலம் வரை உட்கார்ந்திருப்பார். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வெளியிட்ட திருத்திய விதிகளும் கரைக்கும் சிலைகளை இயற்கையான மண்ணில் செய்யத்தான் சொல்கின்றன. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேண்டாம், தெர்மோகோல் வேண்டாம் என்று அதில் இருக்கிறது. பிளாஸ்டர் கூடாத ஆற்றில் பி.வி.சி. கூடுமா?

மண்ணுக்கு நாம் எங்கும் அலைய வேண்டியதும் இல்லை. உலகத்தில் மண்ணை இவ்வளவு தெரிந்தவர்கள் குறைவு என்று சொல்லக்கூடிய குமார்டுலிக்காரர்கள் நமக்கு டிராமில் போகும் தூரத்தில் இருந்தவர்கள். இப்போது மெட்ரோவில் போகலாம். துர்கா பூஜைக்கு 2021-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்ததே, அதன் கைவேலை பெரும்பாலும் அந்தச் சந்துகளில்தான் நடக்கிறது. அங்கே ஒரே மண்ணால் துர்கை செய்வதில்லை. மூங்கிலும் வைக்கோலும் கட்டிய உடம்பின்மேல் முதலில் பசையான 'எண்டேல் மாட்டி', உமி கலந்து. அது பிடிக்கும், ஆனால் காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் மணற்பாங்கான 'பேலே மாட்டி'யும் சேர்த்த நயமான பூச்சு. வெடிப்புகளின்மேல் மண் கரைசலில் தோய்த்த துணி. முகம் தனியாக அச்சில், விரல்கள் தனியாக. அடுத்த வாரமே ஆற்றில் போகப்போகிற ஒரு சிலைக்கு இடத்துக்கு ஒரு மண் தேடுகிற ஊரில் இருந்துகொண்டு, மூன்று போட்டிக்கு ஒரே சரக்கு என்று நாம் எழுதினால் பக்கத்து வீட்டு வங்காளிகள் சிரிக்க மாட்டார்களா?

அகல் விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திரியின் சுடர் பல நூறு டிகிரி. 130-இல் வெந்த பி.வி.சி.யில் எண்ணெய் ஊற்றித் திரி ஏற்றினால் மே மாத நெடிதான் மறுபடி. அதுவும் வாசலில், பட்டுப்பாவாடைக் குழந்தைகள் சுற்றி நிற்கும்போது. குயவர் மண்ணைச் சூளையில் எழுநூறு, எண்ணூறு டிகிரிக்குச் சுடுகிறார். அந்தச் சூட்டில் மண்ணின் உள்ளே கட்டுண்டிருக்கும் நீரும் போய்விடுகிறது. அதன்பிறகு அது சேறாவதில்லை, தீக்கும் அஞ்சுவதில்லை. பிள்ளைகள் குயவரின் அகலை வாங்கி வண்ணம் தீட்டட்டும். சின்ன மின்விளக்கு வைக்கும் அகல் என்றால் மட்டும் பாலிமர் ஆகலாம். அதையும் போட்டி விதியில் தெளிவாக எழுத வேண்டும்.

கொலு பொம்மைதான் பாலிமருக்குச் சரியான மேடை. கரையாது, உதிராது, வருஷா வருஷம் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போடலாம். ஆனால் அங்கேயும் 'மட்டும்' வேண்டாம். நம் ஊர்க் கொலு பொம்மைகளில் எத்தனை காகிதக் கூழால் ஆனவை என்று தூக்கிப் பார்த்தாலே தெரியும். பழைய தினசரி, பசை, கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான். ஓவனே வேண்டாம். காற்றில் உலரும் களிமண்ணும் கடையில் கிடைக்கிறது. மைதானமான வேலைக்கு நன்று. ஆனால் ஆவணி, புரட்டாசியில் கல்கத்தாக் காற்றில் அது உலர நாலைந்து நாளாவது ஆகும். சுருங்கும், மூட்டில் வெடிக்கும், ஈரம் பட்டால் இளகும். சோளமாவும் வெள்ளைப் பசையும் சேர்த்துக் கிளறும் வீட்டுக் கலவை பூ இதழுக்கு அழகாக வரும். சரியாக உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பழைய பொம்மையை ஒட்டவைக்க இவை எதுவும் உதவாது. டாட்டாநகரிலிருந்து மாற்றலாகி வந்தபோது என் அம்மாவின் செட்டியார் பொம்மைக்கு மூக்கும் ஒரு கையும் போயிற்று. அதற்குமேல் பாலிமரை வைத்து ஓவனில் போட்டால் ஐம்பது வருஷத்து வண்ணம் என்னாகும்? குழாய்க் கசிவு அடைக்க வாங்குகிறோமே, இரண்டு கட்டியைச் சம அளவில் பிசைகிற எபாக்ஸி, அதைக் கையுறை போட்டுக்கொண்டு பிசைந்து வைத்தேன். தோலுக்கு ஆகாது, ஆகவே பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். செட்டியார் இப்போது முன்னைவிடச் சற்றுக் கூர்மையான மூக்கோடு கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று. இதை எழுதச் சற்றுத் தயக்கம்தான். ஐம்பத்தேழு கிராம் கட்டி ஒன்றின் விலையில் ஒருவர் ஹோட்டலில் ஒரு வேளை சாப்பிடலாம். ஒரு பொம்மைக்கு நாலு நிறம் என்றால் நாலு கட்டி. மூன்று போட்டி, வீட்டில் இரண்டு குழந்தைகள். ஓவன் வேறு. நம் சங்கத்தில் சால்ட்லேக் மாடிவீட்டுக்காரர்களும் இருக்கிறோம், ஹோட்டல் சமையலறையில் வேலை செய்து ஒரே அறையில் குடியிருக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. ஊரைவிட்டு வந்த இடத்தில் குழந்தை தமிழ் பேசுகிற பிள்ளைகளோடு நாலு மணி நேரம் இருக்கட்டும் என்றுதான் அவர்கள் இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். 'மட்டுமே' என்ற சொல்லைப் படித்துவிட்டு அவர்கள் வராமல் இருந்துவிட்டால் நமக்குத் தெரியக்கூட வராது. வராதவர்கள் கடிதம் எழுதுவதில்லை.

ஆகவே செயற்குழுவுக்கு என் விண்ணப்பம்: பிள்ளையாருக்கு ஆற்று மண், சங்கமே குமார்டுலியிலிருந்து ஒரு வண்டி வாங்கிக் கொடுக்கட்டும். சேறு விழாமல் தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாம், கழுவ நான் வருகிறேன். அகலுக்குக் குயவர் அகல். கொலு பொம்மைக்குக் காகிதக் கூழோ பாலிமரோ மண்ணோ, அவரவர் விருப்பம். பாலிமரில் செய்தவர்கள் சுடாமலே கொண்டுவரட்டும். ஒரு ஞாயிறு காலை தெர்மாமீட்டரோடு நான் ஓவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அந்தச் சிறுமியின் வீட்டிலும் சொல்லியிருக்கிறேன், பாட்டிக்குப் புது முகம் வைக்க அவள் வருவதாகப் பதில் வந்திருக்கிறது. முறத்தை அப்படியே வைத்திருக்கிறாளாம்.